நோட்டாவை அழுத்தினால் என்ன மாறும்?

கேள்வி: எங்கள் தொகுதியில் ஜெயிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மீது வழக்குகள் இருக்கின்றன. இன்னொருவர் ஐந்து வருடமாகத் தொகுதிப் பக்கமே வரவில்லை. "இருப்பதில் பரவாயில்லாதவருக்குப் போடு" என்கிறார் அப்பா. எனக்கோ போகாமலே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது.
— கல்லூரி மாணவி, தேனி

பதில்: போகாமல் இருப்பதை முதலில் விட்டுவிடுங்கள். அது எதிர்ப்பு என்று எங்கேயும் பதிவாகாது. வெளியூரில் இருப்பவர், காய்ச்சலில் படுத்திருப்பவர், இறந்தும் பட்டியலில் பெயர் நீங்காதவர் எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் 'வராதவர்' ஆகிவிடுவீர்கள். மாலை வரை கையெழுத்து விழாத பெயர்தான் கள்ள ஓட்டுக்கும் வசதி.

அடுத்தது நோட்டா, அதாவது 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்ற பொத்தான். உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தந்த தீர்ப்பால் வந்தது. எந்திரத்தில் கடைசி வேட்பாளருக்குக் கீழே இருக்கும். ஒரு யூனிட்டில் பதினாறு பொத்தான்தான் என்பதால், வேட்பாளர்கள் சரியாகப் பதினாறு பேர் என்றால் இரண்டாவது யூனிட்டின் முதல் பொத்தான். யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபேட் சீட்டில் ஏழு விநாடி தெரியும். நீங்கள் வந்தீர்கள், யாரையும் ஏற்கவில்லை என்பது எண்ணிக்கையில் ஏறும். அதன் பலம் அவ்வளவுதான். சட்டமன்றம், மக்களவை இரண்டிலும் நோட்டா எத்தனை வாங்கினாலும் அடுத்து அதிகம் வாங்கிய வேட்பாளர் வென்றவரே. 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்றதும் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்தது, இரண்டாம் இடம். நாடே பேசியது, ஆனால் பா.ஜ.க. வேட்பாளர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் எம்.பி. ஆனார்.

ஆகவே உங்கள் தொகுதியில் போட்டி எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. 2018இல் மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் தெற்கில் 121. அங்கே நோட்டாவுக்கு விழுந்தது 1,550. இப்படிப்பட்ட இடத்தில் நோட்டா அழுத்தினால், இருவரில் யார் வேண்டும் என்பதை மற்றவர்கள் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கடந்த இரண்டு தேர்தலில் ஒரே கட்சி நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி என்றால் நோட்டாவால் இழப்பு ஏதுமில்லை.

நெருக்கமான தொகுதி என்றால் அப்பா சொல்வதுதான் எங்கள் கருத்தும். ஆனால் 'பரவாயில்லாதவர்' யார் என்பதை டீக்கடைப் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். வழக்கு எத்தனை என்பதைவிட எந்தப் பிரிவு என்பதே முக்கியம். சாலை மறியல், தடையை மீறிய ஆர்ப்பாட்டம் போன்ற பத்து வழக்கு உள்ளவரும், கொலை முயற்சியோ நில மோசடியோ ஒன்றே ஒன்று உள்ளவரும் சமமல்ல. குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா என்ற கட்டத்தையும் பாருங்கள். நீதிமன்றம் ஆவணங்களைப் பார்த்து, விசாரிக்க முகாந்திரம் உண்டு என்று சொன்ன வழக்கு அது. வராத எம்.எல்.ஏ.வின் போன தேர்தல் பத்திரத்தையும் இப்போதையதையும் அருகருகே வைத்துச் சொத்து வரிசையை ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. பார்த்த பிறகும் இருவரும் ஒன்றே என்று பட்டால், நோட்டா நியாயமான முடிவு.

கேள்வி: 49-ஓ இன்னும் உண்டா? அது வெற்றி வித்தியாசத்தைத் தாண்டினால் மறுதேர்தலாமே?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: ஓட்டுப் போட மறுப்பதைப் பதிவு செய்யும் அந்தத் தேர்தல் விதி உண்டு, மறுதேர்தல் என்பது வாட்ஸ்அப் கதை. வாக்குச்சாவடியில் வாக்காளர்கள் கையெழுத்திடும் 17-ஏ பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு 'ஓட்டுப் போட விருப்பமில்லை' என்றால், அதிகாரி குறிப்பெழுதி உங்களிடம் கையெழுத்து வாங்குவார். பூத் ஏஜென்டுகள் முன்னாலேயே நடப்பதால் ரகசியம் போய்விடும். நோட்டா பிறந்ததே அதனால்தான். மறைப்புக்குள் போய் எதையும் அழுத்தாமல் திரும்பிவிடாதீர்கள். பதிவேட்டுக் கணக்கும் எந்திரக் கணக்கும் இடிக்கும்.

2018இல் மகாராஷ்டிர, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும், நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று உத்தரவிட்டன. ஹரியானாவில் நோட்டாவிடம் தோற்றவர்கள் அந்த மறுதேர்தலில் நிற்கவும் முடியாது. இதை எல்லாத் தேர்தலுக்கும் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: ஜெயிக்காத சின்னக் கட்சிக்குப் போட்டால் வீண்தானே?
— வாசகி, ஓசூர்

பதில்: நோட்டாவைவிட அதற்கு எடை அதிகம். டெபாசிட் மீள, செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். 1,80,000 ஓட்டு என்றால் 30,000ஐத் தாண்ட வேண்டும். நோட்டா அந்த மொத்தத்தில் சேராது. சின்னக் கட்சிக்கோ சுயேச்சைக்கோ போடும் ஓட்டு சேரும். ஆறு பேர் போட்டால் மற்றவர்கள் தாண்ட வேண்டிய கோடு ஒரு ஓட்டு உயரும். மாநிலத்தில் எட்டு சதவீதம் எட்டினால் ஓர் இடம்கூட ஜெயிக்காத கட்சிக்கும் அங்கீகாரம் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் வாங்கிய ஓட்டை வைத்து நாம் தமிழர் கட்சி அப்படித்தான் பெற்றது. ஆனால் அந்த வேட்பாளரின் படிவம் 26ஐயும் படித்துவிட்டுப் போடுங்கள்.