ஸ்காபரோ உண்மையிலேயே "தமிழர் ஊர்" தானா? புதிதாக வருபவர் அங்கே குடியேறலாமா?

நீங்கள் ரொறன்ரோவுக்குப் புதிதாக வருகிறீர்கள், சொந்தக்காரர் யாரோ "ஸ்காபரோவிலை இரு, எல்லாம் தமிழ்தான்" என்று சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் சொன்னதில் பாதிதான் சரி. ஸ்காபரோ ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதி. 2021 குடிசன மதிப்பீட்டில் அங்கே ஏறக்குறைய 6,30,000 பேர். அதில் பாதிக்கு மேல் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். தமிழர், சீனர், பிலிப்பினோக்கள், கரிபியர், அரேபியர், ஆப்கானியர் எல்லோரும் இருக்கிறார்கள். அதனால் "ஸ்காபரோவில் எங்கே?" என்று கேட்காமல் வீடு பார்க்க இறங்காதீர்கள்.

இந்தக் கலவையை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் எக்ளின்ரன் வீதிப் பக்கம் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. போர் முடிந்ததும் அந்த நிலத்தில் "கோல்டன் மைல்" தொழிற்பேட்டை எழுந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்காகவே சுற்றிவரத் தனி வீடுகள் கட்டினார்கள். எக்ளின்ரன், லோரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச் என்று கிழக்கு மேற்காக ஓடும் பெருவீதிகளுக்கு இடையில் சுமார் 2 கிலோமீற்றர். சந்திக்குச் சந்தி, முன்னால் கார் தரிப்பிடம் வைத்த ஒற்றை மாடிப் பிளாசா. 1973இல் ஸ்காபரோ டவுன் சென்ரர் என்ற பெரிய கடைத்தொகுதி திறந்ததும் பெரிய கடைகளின் வியாபாரம் அங்கே போனது. பிளாசாக்களில் சிறு கடையறைகள் குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. 1967இல் வந்த புள்ளி முறைக்குப் பிறகு, நாடு பார்க்காமல் படிப்பும் தொழிலும் பார்த்துக் குடிவரவு கொடுத்தார்கள். அப்படி வந்தவர்கள் சிறு முதலோடு கடை போட இடம் இருந்தது அந்தப் பிளாசாக்களில்தான். இன்றைக்கும் ஒரே பிளாசாவில் ஜமேக்க "பற்றி" (இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி) விற்கும் கடை, ஹலால் இறைச்சிக் கடை, தமிழ் ரேக்அவுட் (சாப்பாடு வாங்கிப் போகும் கடை) மூன்றும் சுவர் ஒட்டி நிற்கும். ரேக்அவுட்டில் இடியப்பம் எண்ணி விற்பார்கள், சொதியும் சம்பலும் சேர்த்து. கொத்துரொட்டி தட்டும் சத்தம் தரிப்பிடம் வரை கேட்கும்.

"ஸ்காபரோ எல்லோரையும் கைநீட்டி வரவேற்றது" என்று எழுதுபவர்கள் 1984ஐ விட்டுவிடுகிறார்கள். அந்த வருடம் ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில், பழைய ஸ்கேற்றிங் கூடம் இருந்த இடத்தில் டிராகன் சென்ரர் என்ற சீனக் கடைத்தொகுதி திறந்தது. வாகன நெரிசல் பற்றி எழுந்த முறைப்பாடு, சீனருக்கு எதிரான துண்டுப்பிரசுரம் வரை போனது. இதைச் சொன்னால் பழையதைக் கிளறுகிறேன் என்பார்கள். சொல்லத்தான் வேண்டும். இந்த ஊரில் இடம் சும்மா கிடைக்கவில்லை.

எங்கள் ஆட்களும் முதலில் இங்கே வரவில்லை. இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களில் பலர் நகர மையத்தில் வெலஸ்லி பக்கத்து மாடிக் குடியிருப்புகளில்தான் இருந்தார்கள். தொண்ணூறுகளில்தான் பெருந்தொகையாக ஸ்காபரோவுக்கு மாறினார்கள். இப்போது வசதி வந்தவர்கள் அயல் ஊர்களான மார்க்கம், ஏஜாக்ஸ் என்று நகர்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தமிழ்க் கடைகள் வேண்டுமென்றால் ஸ்காபரோவுக்குள் ஓடும் மார்க்கம் றோட்டை ஒட்டிப் பாருங்கள். சீனக் கடைகளுக்கு அஜின்கோர்ட். அரபு வெதுப்பகங்களுக்கு லோரன்ஸ் வீதியில் வெக்ஸ்போர்ட்.

புதிதாக வருபவர்களில் பலர் இருக்கப்போவது பேஸ்மென்ரில், அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்தில். வாசல் தனியா, புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மொனொக்சைட் கருவியும் வேலை செய்கின்றனவா என்று அமுக்கிப் பாருங்கள். படுக்கையறை யன்னலைக் கையால் திறந்து பாருங்கள். ஓர் ஆள் ஏறி வெளியே போகும் அளவு இருக்கவேண்டும். வெளியே யன்னலடிக் குழியில் பெட்டி அடுக்கியிருந்தாலோ பனி நிரம்பிக் கிடந்தாலோ அந்த யன்னலால் பயனில்லை. வீட்டுக்காரர் முற்பணமாகக் கடைசி மாத வாடகை கேட்கலாம். "சேதத்துக்கு" என்று தனியாகக் கேட்பது ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டப்படி செல்லாது. அதைவிட முக்கியம்: வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பங்கிட வேண்டிய நிலை என்றால் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. தமிழ் ஆள்தானே என்று வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி வாங்குங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1985இல் தொடங்கிய ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டது. அதற்குப் பிறகு ஓடவே இல்லை. மாற்றாக 7.8 கிலோமீற்றர் சுரங்க ரயில்பாதை இன்னும் கட்டுகிறார்கள். பழைய ரயில் தேய்ந்துபோனது எல்லோருக்கும் தெரியும். மூன்று நிலையமா ஒன்றா என்று அரசியல்வாதிகள் வருடக்கணக்கில் திட்டத்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். நகர மையத்தில் இப்படி நடந்திருந்தால் விட்டிருப்பார்களா? இரவு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிற சனம்தான் பஸ் தரிப்பில் நிற்கிறது. ஆகவே வேலை நகர மையத்தில் என்றால் கென்னடி, வார்டன், விக்டோரியா பார்க் சுரங்க ரயில் நிலையங்களில் ஒன்றுக்கு ஒரே பஸ்ஸில் போகக்கூடிய வீதியில் வீடு எடுங்கள். இரண்டு பஸ் மாற வேண்டிய இடத்தில் வாடகை குறைவென்றாலும் எடுக்காதீர்கள்.