பயந்துபோன குழுவை எப்படி நடத்திக்கொண்டு போவது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஆள்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு. என் குழு பயந்துபோயிருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். இவர்களை எப்படி வழிநடத்துவது?

பதில்: உங்களுக்குப் பயம் இருப்பதில் தப்பே இல்லை. அதை மறைக்க நீங்கள் படும் பாடுதான் குழுவின் கண்ணில் முதலில் படும். வழக்கத்துக்கு மாறாக ஒரு மேலாளர் சிரித்துக்கொண்டே வளைய வந்தால், என்னமோ இருக்கிறது என்று எல்லோரும் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

"தைரியமா இருங்க" என்று கேட்டு யாருக்கும் தைரியம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. விஷயம் இதுதான், இப்போது செய்ய வேண்டியது இதுதான் என்று யாராவது சொன்னால்தான் மனசு கொஞ்சம் அடங்கும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் இதே நிலைமை வந்தது. எங்கள் மேலாளர் தினமும் மாலை நாலு மணிக்கு எங்கள் இருக்கைகளுக்கு நடுவில் வந்து நின்று பேசுவார். ஐந்தே நிமிடம். உறுதியாகத் தெரிந்தது என்ன, இன்னும் தெரியாதது என்ன, அது எப்போது தெரியவரும், அவ்வளவுதான். பல நாள் "இன்னைக்குப் புதுசா எதுவும் இல்ல. வியாழக்கிழமை ஒரு கூட்டம் இருக்கு, முடிஞ்சதும் வந்து சொல்றேன்" என்பதோடு முடிந்துவிடும். இதற்கு ஒரு கூட்டமா என்று தோன்றும். ஆனால் நாலு மணிக்கு அவர் வந்துவிடுவார் என்று ஆனபிறகு, டீ குடிக்கும் இடத்தில் ஆளாளுக்கு ஜோசியம் சொல்வது நன்றாகவே குறைந்தது.

ஒருவர் நேராகவே கேட்டார்: "என் வேலை இருக்குமா மேடம்?"

"வாக்குக் கொடுக்கிற இடத்துல நான் இல்ல. ஆனா எது நடந்தாலும் நானே வந்து சொல்வேன். மின்னஞ்சல்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிற நிலைமை உங்களுக்கு வராது."

அவர் வேலை போனது. மேலாளரே வந்து சொன்னார்.

இதைவிட மோசமான ஒரு நிலைமையைப் பாருங்கள். 2010 ஆகஸ்ட் 5 அன்று தென் அமெரிக்க நாடான சிலியில் சான் ஹோசே சுரங்கம் இடிந்து, சுமார் 700 மீட்டர் ஆழத்தில் 33 பேர் மாட்டிக்கொண்டார்கள். முதல் 17 நாள் வெளியுலகத் தொடர்பே இல்லை. அவசரகாலத்துக்கு வைத்திருந்த கொஞ்சம் உணவுதான் கையிருப்பு. ஷிஃப்ட் மேற்பார்வையாளர் லூயிஸ் உர்சுவாவும் மற்றவர்களும் அதைப் பங்கு போட்டார்கள்: ஒருவருக்கு இரண்டு ஸ்பூன் டூனா மீன், கொஞ்சம் பால், ஒரு பிஸ்கட், அதுவும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை. 33 பேரும் உயிரோடு வந்தார்கள். அக்டோபர் 13 அன்று கடைசியாக மேலே ஏறியவர் உர்சுவா.

அந்தப் பங்கீட்டைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். கஷ்ட காலத்தில் மனிதர்கள் தராசும் கையுமாகத்தான் இருப்பார்கள். ஒருவரே ராத்திரி வரை உட்கார்ந்திருக்க, இன்னொருவர் உங்களுக்கு வேண்டியவர் என்பதால் அஞ்சு மணிக்கே கிளம்பினால், ஆள்குறைப்பு வருவதற்கு முன்பே குழு உடைந்துவிடும். கூடுதல் வேலையை எல்லோர் முன்னிலையிலும் பிரித்துக் கொடுங்கள். அதில் பெரிய பங்கு உங்களுடையதாக இருக்கட்டும்.

அப்புறம், தேதி சொல்லி நம்பிக்கை கொடுக்காதீர்கள். "மாசக் கடைசிக்குள்ள எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி, அது சரியாகாவிட்டால் நீங்கள் அடுத்துச் சொல்லும் எதுவும் எடுபடாது. அண்டார்டிகாவுக்குப் போன ஒரு பயணக் குழுவின் கப்பல் பனியில் சிக்கி மூழ்கிவிட்டது. 1916-இல் குழுத் தலைவர் ஷாக்கிள்டன் உதவி தேடிப் படகில் போனபோது, எலிஃபன்ட் தீவில் மீதி 22 பேர் அவருடைய துணைத் தலைவர் ஃபிராங்க் வைல்டின் பொறுப்பில் இருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகள்தான் கூரை. நான்கு மாதத்துக்கு மேல் காத்திருப்பு. வைல்ட் நாள் குறிக்கவில்லை. தலைவர் இன்றைக்கே வந்தாலும் வரலாம், படுக்கையைச் சுருட்டித் தயாராக வையுங்கள் என்று காலையில் சொல்வாராம். நம்பிக்கையோடு கூடவே கைக்கு ஒரு வேலையும் கிடைத்துவிடுகிறது, பாருங்கள். உங்கள் குழுவுக்கும் அப்படித்தான்: இந்த வாரம் முடிக்கக்கூடிய சின்ன வேலைகளைக் கொடுங்கள், சுயவிவரத்தைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். துரோகம் என்று நினைக்க வேண்டாம், அதுவும் தயாரிப்புதான்.

பதற்றத்தில் இருப்பவர் காதில் நீளமான பேச்சு ஏறாது. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல்லுங்கள், புரிந்ததை அவர் வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். புலம்புகிறவரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். கலகலவென்று இருந்துவிட்டுத் திடீரென அமைதியானவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

உங்கள் பயத்தைக் கொட்டக் குழுவுக்கு வெளியே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களானாலும் சரி, பழைய சகாவானாலும் சரி.