கேள்வி பதில்

ஷார்ப் என்றாலே கால்குலேட்டர்தான். அதற்கு முன் அந்த நிறுவனம் என்ன செய்துகொண்டிருந்தது?
– வாசகி, மன்னார்குடி

பென்சில், அம்மா! அதற்கும் முன்னால் பெல்ட் பக்கிள். துளையே போடாமல் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் பக்கிளைச் செய்துதான் தொக்குஜி ஹயகாவா 1912-இல் டோக்கியோவில் பட்டறை போட்டார். 1915-இல் திருகினால் முனை நீளும் உலோகப் பென்சில். நிறுவனத்தின் இன்றைய பெயர் அந்தப் பென்சிலின் பெயர்தான்.

1923 செப்டம்பர் 1, டோக்கியோவை உலுக்கிய கான்டோ பூகம்பம். பட்டறை எரிந்தது, மனைவியும் இரு மகன்களும் இறந்துபோனார்கள். பென்சில் தொழிலையும் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒசாகாவுக்குப் போனார். நானாக இருந்தால் முடங்கிப்போயிருப்பேன். மனிதர் வெளிநாட்டுக் கிரிஸ்டல் ரேடியோ ஒன்றை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்து, 1925-இல் ஜப்பானிலேயே தயாரித்துவிட்டார்.

உங்கள் கால்குலேட்டருக்கு வருகிறேன். 1964-இல் வந்த சிஎஸ்-10ஏ, முழுக்க டிரான்சிஸ்டரில் இயங்கியது. எடை 25 கிலோ, அரிசி மூட்டை மாதிரி மேசையில் உட்கார்ந்திருக்கும். விலை 5,35,000 யென். அந்தக் காசுக்கு அங்கே ஒரு காரே வாங்கலாம். ஒன்பதே ஆண்டுகளில், 1973-இல், இஎல்-805 சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. காரணம், எல்சிடி எனும் திரவப் படிகத் திரை. அது தானாக ஒளிராது, வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் எண்கள் தெரியும். அதனால் ஒரே ஒரு சிறு பேட்டரி 100 மணி நேரம் தாங்கியது.

பிறகு டிவியிலும் அந்தத் திரையையே நம்பிப் பெரும் பணத்தைக் கொட்டினார்கள், நஷ்டப்பட்டார்கள். 2016-இல் தைவானின் ஃபாக்ஸ்கான் பெரும்பான்மைப் பங்கை வாங்கிக்கொண்டது.