பழைய எஞ்சினுக்கு எந்த ஆயில் ஊத்தணும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா வச்சிருந்த 1984 மாடல் அம்பாசடர், மார்க் 4, பெட்ரோல். எஞ்சின் மாத்தல, அதே பழைய 1489 சிசி தான். போன மாசம் ஆயில் மாத்த விட்டப்ப, "காசு கூட ஆனாலும் ஃபுல் சிந்தெட்டிக் ஊத்திக்கங்க சார், எஞ்சினுக்கு நல்லது"ன்னு சொல்லி 5டபிள்யூ-30 ஊத்திட்டாங்க. இப்ப வண்டி நல்லா சூடான பிறகு சிக்னல்ல நின்னா ஆயில் லைட் மினுக்கு மினுக்குன்னு எரியுது, நிறுத்துற இடத்துல தரையில சொட்டும் விழுது. எஞ்சின் போயிடுச்சா? – வாசகர், ஈரோடு

பதில்: பயப்படாதீங்க சார், எஞ்சின் போயிடுச்சுன்னு இப்பவே முடிவு பண்ண வேண்டாம், ஆனா அந்த லைட் எரியுறப்ப வண்டிய ஓட்டாதீங்க, முதல்ல ஆயில இறக்கிட்டு நல்ல மினரல் 20டபிள்யூ-50 ஊத்துங்க, ஃபில்டரும் சேர்த்து மாத்திடுங்க.

காரணம் இதுதான். உங்க எஞ்சின் இங்கிலாந்து பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியோட பி சீரீஸ், 1950கள்ல வந்த டிசைன், கிராங்குக்கும் (பிஸ்டன் சுத்திவிடுற தண்டு) அதத் தாங்குற பேரிங்குக்கும் நடுவுல அவங்க விட்ட கேப், ஆயில் பம்ப் எல்லாமே அந்தக் காலத்துக் கெட்டி ஆயில மனசுல வச்சுப் பண்ணது. 100 டிகிரி சூட்டுல 30 நம்பர் (டபிள்யூவுக்குப் பின்னாடி வர்ற நம்பர்) ஆயிலோட கெட்டித்தன்மை 9.3ல இருந்து 12.5 சென்டிஸ்டோக்குக்குள்ள இருக்கும், 50 நம்பர் 16.3ல ஆரம்பிச்சு 21.9 வரை போகும். 40 வருஷம் ஓடித் தேஞ்ச பேரிங்ல அந்த 30 நம்பர் ஆயில் நிக்காம வழிஞ்சிடும், ஐட்லிங்ல பம்பும் மெதுவா சுத்துறதால பிரஷர் விழுந்து லைட் எரியுது. டபிள்யூவுக்கு முன்னாடி இருக்குற நம்பர் குளிர்ல ஸ்டார்ட் ஆகுறதுக்கானது, அது 5ஆ 20ஆன்னு நம்ம ஊருக்குக் கவலையே வேணாம், 20டபிள்யூவுக்கான ஸ்டார்ட்டிங் டெஸ்ட்டே மைனஸ் 15 டிகிரில தான் பண்றாங்க, ஊட்டில மார்கழிக் காலைலகூட அவ்வளவு குளிர் கிடையாது.

தரையில விழுற சொட்டு விஷயம் வேற. இந்த எஞ்சின்ல கிராங்கோட பின் முனைல இன்னைக்கு வண்டிகள்ல இருக்குற மாதிரி ரப்பர் சீல் கிடையாது, திருகு மாதிரி மரை வெட்டி வச்சிருப்பாங்க, கிராங்க் சுத்தச் சுத்த அது ஆயில உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். எஞ்சின நிறுத்தினா தள்ள ஆள் இல்ல, அதனால ஆயில் எவ்வளவு தண்ணியா இருக்கோ அவ்வளவு சுலபமா வெளிய கசியும். 20டபிள்யூ-50க்கு மாறினா சொட்டு குறையும், சுத்தமா நிக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

மாத்தின பிறகும் சூட்டுல லைட் எரிஞ்சா, பிரஷர் சுவிட்ச கழட்டிட்டு அதே இடத்துல ஒரு முள்ளு மீட்டர மாட்டி உண்மையான பிரஷர் எவ்வளவுன்னு பாக்கச் சொல்லுங்க, சுவிட்சே கெட்டுப்போயிருந்தாலும் லைட் எரியும். மீட்டர்லயும் பிரஷர் இல்லன்னா சம்ப (எஞ்சினுக்கு அடில ஆயில் நிக்கிற தட்டு) இறக்கி பேரிங் பாத்தே ஆகணும், இன்னும் கெட்டியான ஆயில் தேடி அலையுறதுல பிரயோஜனம் இல்ல.

கேள்வி: பழைய வண்டிக்கு ஜிங்க் இருக்குற ஆயில் தான் ஊத்தணும்னு சொல்றாங்களே, இப்ப வர்ற ஆயில்ல அது இல்லையா? தனியா பாட்டில் வாங்கி ஊத்தணுமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: ரொம்ப அவசியமான கேள்வி. அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு மூணுலயுமே கேம் ஷாஃப்ட் (வால்வத் திறக்க வைக்கிற தண்டு) மேல டேப்பெட் (அந்த அசைவ வால்வுப் பக்கம் கொண்டு போற துண்டு) நேரா உரசித்தான் ஓடுது, நடுவுல ரோலர் கிடையாது. டேப்பெட்டோட அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு லேசா உப்பி இருக்கும், அதனால கேம் அதத் தொடுற இடம் ரொம்பச் சின்னது, வால்வு ஸ்பிரிங்கோட மொத்த அழுத்தமும் அங்க தான் விழுது. அந்த இடத்துல ஆயில் படலம் மட்டும் தாங்காது. ஜிங்கும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானம் சூட்டுலயும் அழுத்தத்துலயும் உடைஞ்சு இரும்பு மேல மெல்லிசா ஒரு பூச்சா படியும், அது தேஞ்சாலும் திரும்பப் படிஞ்சுக்கும், கேம காப்பாத்துறது அதுதான்.

பாஸ்பரஸ் புகைல போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர (புகைய சுத்தம் பண்ற கருவி) கெடுக்குதுன்னு அளவ குறைச்சாங்க. 2004ல வந்த ஏபிஐ எஸ்எம் (ஏபிஐங்கிறது ஆயில் தரத்துக்கு அமெரிக்க அமைப்பு ஒண்ணு போடுற முத்திரை), அதுக்கப்புறம் 2010ல வந்த எஸ்என் ரெண்டுலயும் உச்சவரம்பு 0.08 சதவீதம். இதுல நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு, அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30, 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிசு ஆயிலுக்குத் தான், 20டபிள்யூ-50க்குக் கிடையாது. அதனால எஸ்என்னு போட்டிருந்தாலே ஆகாதுன்னு ஒதுக்க வேண்டாம். கம்பெனி வெப்சைட்டுல அந்த ஆயிலோட டேட்டா ஷீட் இருந்தா பாருங்க, பாஸ்பரஸ் 0.10, 0.12 சதவீதம்னு இருந்தா தாராளமா வாங்கலாம்.

டேட்டா ஷீட் கிடைக்கலன்னா பைக்குக்கு வர்ற ஜாசோ எம்ஏ முத்திரை உள்ள 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊத்துங்க. அந்த ஜப்பான் தரத்துல பாஸ்பரஸ் 0.08க்குக் குறையவே கூடாது, 0.12க்கு மேலயும் போகக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் கட்டுப்பாடு இருக்கு, பைக் ஆயில கார்ல ஊத்தலாமான்னு தயங்காதீங்க. தனி ஜிங்க் பாட்டில் சாதாரணமா ஓடுற வண்டிக்குத் தேவையில்ல, ஆயில் கம்பெனி கணக்குப் பாத்துக் கலந்த கலவைல நாம மேல ஊத்தினா நல்லதுக்குப் பதிலா கெடுதலும் வரலாம். புது கேம், புது டேப்பெட் போட்டு எஞ்சின் வேலை பண்ணியிருந்தா மட்டும் ரன்னிங்-இன் ஆயில் (புது பாகங்க பழகுற வரைக்கும் ஊத்துற ஆயில்) வாங்குங்க. அப்ப முதல் ஸ்டார்ட்லயே ஐட்லிங்ல விடாம 2000 ஆர்பிஎம் கிட்ட ஒரு 20 நிமிஷம் ஓட்டணும், ஏன்னா ஐட்லிங்ல கேமுக்கு ஆயில் தெறிக்கிறது ரொம்பக் கம்மி, புது கேம் வீணாப் போறது பெரும்பாலும் அந்த முதல் அரைமணி நேரத்துல தான்.

கேள்வி: என் பத்மினி வருஷத்துக்கு 300 கிலோமீட்டர்கூட ஓடாது, ஆயில் பாக்க சுத்தமாத் தான் இருக்கு. மாத்தணுமா அண்ணே? – வாசகர், காரைக்குடி

பதில்: மாத்தணும் தம்பி, வருஷத்துக்கு ஒரு தடவை, கிலோமீட்டர் பாக்காம. ஷெட்டுல நிக்கிற வண்டிய பத்து நிமிஷம் சோக் இழுத்து ஓடவிட்டு நிறுத்துறோம், எரியாத பெட்ரோலும் ஈரமும் கீழ ஆயில்ல சேருது, சூடேறி ஆவியாப் போக அதுக்கு நேரமே கிடைக்கல. டிப் ஸ்டிக்க எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை தூக்கலா அடிச்சு, அளவும் மேல் கோட்டத் தாண்டி ஏறியிருந்தா, பெட்ரோல் பம்போட டயாஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் சம்புல இறங்குதுன்னு சந்தேகப்படணும், அப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணாம முதல்ல பம்ப பாருங்க. ஸ்டார்ட் பண்ற அன்னைக்கு அரைமணி நேரமாவது ரோட்டுல ஓட்டிட்டு வாங்க.

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கியர்பாக்ஸுக்குக் கடைல 90 ஆயில் கேட்டா ஜிஎல்-5 தர்றாங்க, ஊத்தலாமா? – வாசகர், சென்னை

பதில்: வேண்டாம், ஜிஎல்-4 கேட்டு வாங்குங்க (ஜிஎல்ங்கிறது கியர் ஆயிலோட தரக் குறியீடு). ஜிஎல்-5ல பல்சக்கரத்த காப்பாத்துற கந்தகச் சேர்மானம் அதிகம், சில ஆயில்ல அது உள்ள இருக்குற பித்தளை சிங்க்ரோ ரிங்க (கியர் சத்தமில்லாம விழ வைக்கிற வளையம்) அரிச்சிடும், ஹெரால்டுக்கு ரிங் தேடி அலையுறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். ஏற்கனவே ஊத்தியிருந்தா அடுத்த சர்வீஸ் வரைக்கும் வைக்காம இந்த வாரமே இறக்கிடுங்க, வடியுற ஆயில்ல மஞ்சளா மினுமினுன்னு தூள் தெரியுதான்னு வெயில்ல வச்சுப் பாருங்க.