மூல நிரலிலிருந்து மென்பொருளை நிறுவும்போது வரும் ‘பிரிஃபிக்ஸ்’ என்ன? அதை ஏன் நிறுவல் வழிகாட்டியில் எழுத வேண்டும்?

மென்பொருளின் கோப்புகள் எந்த அடைவுக்கு (டைரக்டரி) கீழே அமைய வேண்டும் என்று சொல்லும் விருப்பத்தேர்வே பிரிஃபிக்ஸ். க்னூ (GNU) என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் வழக்கப்படி, எதுவும் சொல்லாவிட்டால் அது ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ (/usr/local). நிரல், நூலகம், கையேடு ஆகியவற்றுக்கான துணை அடைவுகள் அதன்கீழ் தாமாகவே அமையும். வீட்டின் முகவரி மாறினால் அறைகளும் அதனோடு சேர்ந்து மாறுவதைப் போலத்தான் இது.

பல்கலைக்கழகப் பொதுக் கணினியில் வேலை செய்யும் மாணவருக்கு ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவில் கோப்புகளை எழுதப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. தமது சொந்த அடைவைப் பிரிஃபிக்ஸாகக் கொடுத்தால் வேலை முடிந்தது. இந்த ஒரு வரி வழிகாட்டியில் இல்லையென்றால், ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தியோடு அவர் நின்றுவிடுவார். எனவே இயல்பு மதிப்பையும் அதை மாற்றும் முறையையும் முதலிலேயே எழுதுங்கள்.

நிறுவியபின் அடைவை வேறிடத்துக்கு நகர்த்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பல மென்பொருள்களில் அந்தப் பாதை நிரலுக்குள்ளேயே பதிந்துவிடுவதால், புதிய பிரிஃபிக்ஸுடன் மீண்டும் கட்டமைக்க வேண்டியிருக்கும்.