கிளம்பும் பயம், தங்கும் பயம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய செய்தியை மூன்று தடவை படித்தேன். "போறதுக்கும் பயமா இருக்கு சார், போகாம விட்டுட்டா பின்னாடி வருத்தப்படுவேனோன்னும் பயமா இருக்கு." இரண்டு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு அப்பாவிடமும் கொடு.

உன் கையில் இப்போது இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று, ஜெர்மனியின் மாக்டெபர்க் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் அண்ட் எனர்ஜி இன்ஜினியரிங் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம். இன்னொன்று, கடலூர் சிப்காட்டில் மாதம் 22,000 ரூபாய்க்கு வந்திருக்கும் வேலைக் கடிதம். எதை விட்டாலும் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

வெளிநாடு போகத் தயங்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, பயம் எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான். விசா கிடைக்குமா, பெட்டியில் எத்தனை கிலோ, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ரயில் மாறத் தெரியுமா, முதல் ராத்திரி தனி அறையில் தூக்கம் வருமா? இதெல்லாம் கிளம்பும் பயம். ஊரை விட்டு வெளியே தங்கியே இராத பிள்ளைக்கு இது கட்டாயம் வரும். போய் இறங்கிய மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதை வைத்து முடிவெடுக்காதே. அது போன பிறகு முடிவெடுக்கலாம் என்றும் காத்திருக்காதே, விமானத்தில் ஏறி உட்காரும்வரை அது கூடவேதான் வரும்.

இன்னொன்று தங்கும் பயம். அந்த ஊரில் இரண்டு வருடம் என்னால் வாழ முடியுமா, படிக்க முடியுமா, கடனை அடைக்க முடியுமா? முடிவு இதைப் பொறுத்துத்தான் இருக்க வேண்டும். ஆனால் நீ அனுப்பிய நீளமான பட்டியலில் முக்கால்வாசி கிளம்பும் பயமாகவே இருந்தது. தங்கும் பயத்தை நீ இன்னும் தொட்டே பார்க்கவில்லை.

தொட்டுப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொள். சாயங்காலம் நாலேகால் மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. லேசான தூறல், கையுறை போட்டும் விரல் விறைக்கிறது. காலையில் வகுப்புக்குப் போனாய், வருகைப்பதிவு யாரும் எடுக்கவில்லை. அறைக்கு வந்தால் தபால் பெட்டியில் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலிருந்து முழுக்க ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம். சோறு வடித்து, ரசம் வைத்து, சாப்பிட்ட தட்டை நீயே கழுவுகிறாய். அம்மாவிடம் பேசலாம் என்று பார்த்தால் அங்கே உனக்கு மணி ஆறரை, இங்கே நம் ஊரில் பதினொன்று, அம்மா தூங்கியிருப்பார். மேஜையில் நாளைக்குப் படிக்க வேண்டிய பாடம் திறந்து கிடக்கிறது.

அந்தப் பாடத்தைப் படிக்க உனக்கு ஆசை இருக்குமா? இதற்கு ஆம் என்றால் மற்றதெல்லாம் பழகிப்போகும். உனக்கு ஆம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. போன முறை வந்தபோது உன் கடைசி வருட ப்ராஜெக்டில் செய்த, கலந்த திரவங்களைக் காய்ச்சிப் பிரிக்கும் டிஸ்டிலேஷன் கோபுரம் பற்றி இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினாய். ஜெர்மனி பற்றிக் கேட்டால் மட்டும் அப்பா முகத்தைப் பார்த்தாய். உனக்குப் பாடத்தின் மேல் சந்தேகம் இல்லை.

அப்புறம், உனக்குக் கிடைத்திருப்பது சாதாரண இடமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் காற்றழுத்தம் பற்றிப் படித்தபோது இரண்டு உலோக அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டுக் குதிரைகளை வைத்து இழுத்த கதை வந்ததே, அதைச் செய்து காட்டிய ஓட்டோ ஃபான் கெரிக்கே அந்த ஊரின் மேயராக இருந்தவர். அவர் பெயரில்தான் இந்தப் பல்கலைக்கழகம். சிக்கலான தொழில்நுட்ப அமைப்புகளின் இயக்கத்தை ஆராயும் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனம் ஒன்றும் அதே ஊரில் இருக்கிறது. உன் டிஸ்டிலேஷன் கோபுரம் போன்ற விஷயங்களையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

சரி, நீ பயப்பட வேண்டிய விஷயங்களுக்கு வருகிறேன்.

முதலில் தேர்வு. நம் ஊர் அரியர் கணக்கு அங்கே செல்லாது. ஒரு பாடத்தில் பெரும்பாலும் மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தவறினால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள், ஜெர்மனியில் வேறெங்கும் அதே படிப்பைத் தொடரவும் முடியாமல் போகலாம். உன் படிப்புக்கான தேர்வு விதிகள் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும், இந்த வாரமே எடுத்துப் படி. இன்டர்னல் மார்க் என்று கைகொடுக்க ஒன்றும் இருக்காது, செமஸ்டர் முடிவில் எழுதும் ஒரே தேர்வில்தான் பல பாடங்களின் மதிப்பெண்ணும் நிற்கும். தேர்வுக்குப் பதிவு செய்வதும் உன் வேலை, யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். மதிப்பெண்ணும் தலைகீழ்: 1.0 தான் உச்சம், 4.0 வந்தால் ஜஸ்ட் பாஸ். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. கல்லூரியில் கடைசி ஒரு வாரம் ராத்திரி கண்விழித்துப் படித்தேன் என்று பெருமையாகச் சொன்னாயே, அந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ.

அடுத்தது பணம். இங்கேதான் அப்பாவுக்குக் குழப்பம். "ஜெர்மனியில் ஃபீஸே கிடையாதாமே" என்று கேட்டார். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை, உன்னுடையதும் அதில் ஒன்று. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்கத் தொடங்கிவிட்டது. நீ சிறிய செமஸ்டர் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். ஆனால் சாப்பாடும் வாடகையும் யார் தருவார்கள்? அதற்காகத்தான் விசாவுக்கு முன்பு, செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கு (blocked account) கேட்கிறார்கள். 2024 செப்டம்பர் முதல் அது வருடத்துக்கு 11,904 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 12 லட்சம். அது உன் பணம்தான், அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உனக்கே திரும்பி வரும். ஆனால் முதலில் முழுசாக எடுத்து வைக்க வேண்டும். இரண்டாம் வருடம் விசா நீட்டிக்கும்போது அந்த வருடத்துச் செலவுக்கும் வழி காட்ட வேண்டும்.

"பார்ட் டைம் பார்த்து சமாளிச்சுக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னதாகச் சொன்னாய். வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய மாணவர் விசாவில் அனுமதி உண்டு. 2026-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் செமஸ்டரில் ஒரு ரூபாய்கூட வராது என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஜெர்மன் தெரியாமல், சிறிய ஊரில், அந்தத் தேர்வுகளையும் எழுதிக்கொண்டு சம்பாதிப்பது எளிதில்லை.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். 20 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 27,000 ரூபாய். அதில் படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்க்கவில்லை. அங்கே வேலை கிடைத்தால் கட்டிவிடலாம். கிடைக்காமல் திரும்பி வந்து கடலூரிலோ மணலியிலோ வேலைக்குச் சேர்ந்தால் கட்ட முடியுமா? 12 லட்சம் என்றால் தவணை 16,000 சுற்றி நிற்கும், மூச்சு விடலாம்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், இருந்த ஒரே வீட்டை அடமானம் வைத்துப் போனான். இரண்டாவது செமஸ்டரிலேயே இந்தப் படிப்பு தனக்கு ஒத்துவராது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதை வீட்டில் சொல்ல நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் சரியாகச் சாப்பிடாமல், யாருக்கும் போன் எடுக்காமல் இருந்திருக்கிறான். படிப்பு வராததைவிட, திரும்பி வர வழியில்லை என்பதுதான் அவனை அப்படி ஆக்கியது. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் அவனைப் பார்த்த பிறகு, வீட்டை அடமானம் வைத்துத்தான் போக வேண்டும் என்றால் யாருக்கும் நான் சரி சொல்வதில்லை. திரும்பி வரவே முடியாத கடனோடு போவதற்கு நீ பயந்தால், அந்தப் பயம் சொல்வதைக் கேள். வங்கியில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். தாத்தா நிலம் ஒரு ஏக்கர் இருப்பதாக அப்பா சொன்னார், ஈடாக வைப்பதென்றால் அதோடு நிற்கட்டும்.

வேலை வாய்ப்பிலும் உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். மாக்டெபர்க்கில் இன்டெல் சிப் ஆலை வருகிறது, ஆயிரக்கணக்கில் வேலை என்று ஏஜென்ட் படம் காட்டினாராம். 2022-ல் அறிவித்த அந்தத் திட்டத்தை 2025 ஜூலையில் இன்டெல் கைவிட்டுவிட்டது. உன் துறைக்கு, மாக்டெபர்க் இருக்கும் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் லொய்னா, பிட்டர்ஃபெல்ட், ஷ்கோபா என்று பெரிய ரசாயனத் தொழிற்பகுதிகள் இருக்கின்றன. ஆனால் 2022-க்குப் பிறகு எரிவாயு விலை ஏறியதில் ஜெர்மனியின் ரசாயனத் தொழிலுக்கே அடி. ஷ்கோபாவில் சில பிரிவுகளை 2027 இறுதியில் மூடப்போவதாக டவ் நிறுவனம் அறிவித்திருக்கிறது. இதைக் கேட்டுப் போகாமல் இருந்துவிடாதே, நீ படித்து முடிக்க இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. முடித்த பிறகும் வேலை தேட 18 மாதம் தங்க விடுகிறார்கள். ஆனால் ஆட்கள் குறைவாக எடுக்கும் காலத்தில் மொழி தெரிந்தவரைத்தான் முதலில் எடுப்பார்கள். உன் வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம், ஆலையில் ஷிஃப்ட் ஆப்பரேட்டர் ஜெர்மனில்தான் பேசுவார். ஜெர்மன் மொழி சொல்லித்தரும் சென்னை மேக்ஸ் முல்லர் பவனில் ஆன்லைன் வகுப்பு கிடைக்கிறதா என்று நாளைக்கே பார். மொழித் தேர்ச்சிப் படிகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிப் போகும், படிப்பு முடிவதற்குள் பி2 நிலை வந்தாக வேண்டும்.

அம்மா பயப்படும் விஷயத்தையும் மறைக்க மாட்டேன். 2024 டிசம்பரில் மாக்டெபர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் ஒருவர் காரை ஓட்டிக் கூட்டத்துக்குள் விட்டார், ஆறு பேர் இறந்தார்கள். அதன் பிறகு வெளிநாட்டவர் மேல் கோபம் கூடியது. குடியேறிகளை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சிக்கு 2025 நாடாளுமன்றத் தேர்தலில் அந்த மாநிலத்தில் முதலிடம் கிடைத்தது. தெருவில் முறைப்பும் சில நேரம் கெட்ட வார்த்தையும் வரலாம் என்று எதிர்பார்த்துப் போ. அதே நேரம், 2022-23 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஜெர்மனியின் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் அதிகம். அங்கே இப்போது படிக்கும் நம் பிள்ளைகள் இருவரிடம் பேச வைக்கிறேன், ராத்திரி டிராமில் தனியாக வருவது எப்படி இருக்கிறது என்று நீயே கேள். ஏஜென்டையும் என்னையும்விட அவர்களுக்குத்தான் தெரியும்.

தனிமைக்கு என்னிடம் மருந்து இல்லை. சில உதவிகள் மட்டும் சொல்கிறேன். மாணவர் நல அமைப்பில் மனநல ஆலோசனை உண்டு, தேவை என்று தோன்றிய முதல் வாரத்திலேயே போ, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேற்கே ஹாம் என்ற ஊரில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோவில் இருக்கிறது, 2002-ல் குடமுழுக்கு நடந்த கோபுரக் கோவில். தேர்த்திருவிழாவுக்கு ஒரு தடவை போய்விட்டு வா. போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, மொழி தெரியாத ஊரில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்கள். ஒருநாள் முழுக்கத் தமிழ் காதில் விழுந்தால் ஒரு மாதத்துக்குத் தாங்கும்.

என்னைக் கேட்டால், போ என்பேன். இரண்டு விஷயம் நடந்தால் மட்டும்: கடன் 12 லட்சத்தைத் தாண்டக் கூடாது, கிளம்புவதற்குள் ஜெர்மனில் ஏ1 முடித்து ஏ2 தொடங்கியிருக்க வேண்டும். முதல் வருடத்துக்கே கடன் முழுவதும் போய்விடும் என்பதால், இரண்டாம் வருடத்துக்குச் சித்தப்பா தருவதாகச் சொன்ன தொகையை வாய்ப்பேச்சாக விடாமல் உறுதியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது நடக்காது என்றால் கடலூரில் சேர்ந்துவிடு. ஒரு வருடம் ஆலையில் வேலை பார், சம்பளத்தில் சேமி, ஜெர்மன் படி, மறுபடி விண்ணப்பி. ஒன்று மட்டும் தெரிந்துகொள், இந்த இடத்தை அடுத்த வருடத்துக்கு அவர்கள் பொதுவாகத் தள்ளி வைக்க மாட்டார்கள், புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊர்ப் படிப்பைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கையில் இருக்கிறது, அதை மறுபடி வாங்க வேண்டியதில்லை.

விசா விண்ணப்பத்துக்கான தேதியை மட்டும் இன்றே பதிவு செய்துவிடு. வேண்டாம் என்று முடிவானால் ரத்து செய்துகொள்ளலாம்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வா. அப்பா வங்கியில் கேட்ட விவரத்தோடு வரட்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. போன முறை அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, கிளம்பும்போது மட்டும் "அங்க ரொம்பக் குளிருமாங்க சார்" என்று கேட்டார். அவர் கேட்க நினைத்தது அது இல்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.