பெட்டி எப்பம் நிலைக்கு வரும்?

கேள்வி: அண்ணாச்சி, வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், சடங்கு அழைப்பிதழ் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். மார்கழியில் வேலை குறைவு என்பதால், விண்டோஸ் 10-ஐ 11 ஆக மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று தடவை பார்த்தாச்சு. ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால், பாதியில் ரீஸ்டார்ட் ஆகி, செய்ததையெல்லாம் திரும்ப எடுக்கிறோம் என்கிற மாதிரி ஏதோ காட்டி, காலையில் பழைய 10 வந்து நிற்கிறது. கூடவே 0எக்ஸ்சி1900101 - 0எக்ஸ்20017 என்று ஒரு குறி. 2018 கடைசியில் வண்ணார்பேட்டையில் அசெம்பிள் பண்ணிய பெட்டி. ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், சி டிரைவில் 31 ஜிபி காலி. 11 ஏறுமா என்று சொல்லும் ஹெல்த் செக் போட்டுப் பார்த்தால் எல்லாம் பச்சை டிக். பிரிண்டர், ஸ்கேனர், ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க், பின்னால் குட்டி வைஃபை டாங்கிள் மாட்டியிருக்கிறேன். காலாவதியான ஒரு ஆன்டிவைரஸும் கிடக்கிறது. 'சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி' என்று வீட்டுக்காரர் தினமும் காலையில் காப்பியோடு சேர்த்துத் தருகிறார். தை பிறந்தால் முகூர்த்த வேலை குவிந்துவிடும். பெட்டி கெட்டுப்போச்சா?
- ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: கெடவில்லை தங்கச்சி. மூன்று தடவையும் தடுக்கி விழுந்து, மூன்று தடவையும் தானே எழுந்து, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லுங்க, சங்கு உடையவில்லை.

முதலில் உங்களுக்கு ஒரு ஷொட்டு. அந்தக் குறியை இரண்டு பாதியும் விடாமல் எழுதி அனுப்பியிருக்கீங்க. எனக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி 'ஏதோ நம்பர் வந்துச்சு, ஓகே கொடுத்துட்டேன்' என்றுதான் இருக்கும். அந்த நம்பர்தான் சீட்டு. அதில்லாமல் வைத்தியம் பார்ப்பது, வயிற்றுவலிக்காரனைப் பார்க்காமலே கஷாயம் கொடுக்கிற கதை.

முதல் பாதி, சி1900101, பெரும்பாலும் டிரைவர் தகராறு. டிரைவர் என்றால், பிரிண்டர், வைஃபை போன்ற ஒவ்வொரு சாமானையும் விண்டோஸோடு பேச வைக்கிற சின்ன மென்பொருள். இரண்டாம் பாதி எந்த இடத்தில் விழுந்தது என்று சொல்லும். இந்த மாற்றம் வீடு மாறுகிற மாதிரி நாலு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் பழைய வீட்டில் இருந்துகொண்டே சாமான் கட்டுவது. இரண்டில் வீட்டைப் பூட்டிவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வது. அதாவது பழைய விண்டோஸும் ஓடாது, புதுசும் ஓடாது. நடுவில் ஒரு குட்டி விண்டோஸ் மட்டும் எழுந்து வேலை பார்க்கும். மூன்றில் புது வீட்டில் பால் காய்ச்சுவது. நாலில் அவரவர் சாமானை அவரவர் அறையில் அடுக்குவது. 20017-ல் இருக்கிற அந்த 2, திண்ணைக் கட்டம். கடைசியில் வருகிற 17, எழுந்திருக்கும்போதே தடுக்கியது என்று அர்த்தம். குட்டி விண்டோஸ் கண்ணை முழிக்கிற நேரத்தில் ஏதோ ஒரு சாமான் காலை வாருகிறது.

எது? உங்க பட்டியலைப் படித்ததும் என் கண் போனது அந்த வைஃபை டாங்கிள் மேலேதான். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். சிபியுவின் முதுகில் ஒட்டடையோடு ஒட்டடையாகக் கிடக்கும், மாட்டியதே மறந்துபோயிருக்கும். கூடவே வந்த குட்டி சிடியில் விண்டோஸ் 7 காலத்து டிரைவர் இருக்கும், அதைத்தான் போட்டிருப்போம். இதேமாதிரி பெட்டிகளில் மூன்றுக்கு இரண்டு தடவை நான் பிடித்த திருடன் இவன்தான். அடுத்த சந்தேகம் அந்த ஆன்டிவைரஸ். சந்தா முடிந்தாலும் வீட்டை விட்டுப் போகாத விருந்தாளி. எதையும் உள்ளே விடாமல் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்ளும். அதை நிறுத்தி வைத்தால் போதாது, அன்இன்ஸ்டாலே பண்ணுங்க. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் தானே காவலுக்கு வந்துவிடும்.

பிறகு டிவைஸ் மேனேஜருக்குப் போய், நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழே டாங்கிளின் பெயரில் ரைட் கிளிக் கொடுத்து அன்இன்ஸ்டால். டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும், அதில் டிக் போட மறக்காதீங்க. அதை விட்டால் பழையது அப்படியே உள்ளே ஒளிந்திருக்கும். மஞ்சள் முக்கோணம் போட்ட வேறு எதுவும் அந்தப் பட்டியலில் நின்றால் அதையும் கவனிக்கணும். அப்புறம் பெட்டியை நிறுத்திவிட்டு, கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர மீதி எல்லா வயரையும் உருவிவிடுங்க. ஸ்கேனர் எப்போதோதானே வேலை செய்கிறது என்று விடக்கூடாது. பெரிய ஹார்ட் டிஸ்க்கும் வெளியே.

'டாங்கிளைப் பிடுங்கினால் நெட்டுக்கு எங்கே போக?' என்று கேட்பீங்க. நெட் வேண்டாம். இதையெல்லாம் உருவுவதற்கு முன்னாலேயே, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ கோப்பை டி டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்க. 5 ஜிபிக்கு மேல் இருக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் சிடி போட்ட மாதிரி திறக்கும், உள்ளே செட்அப். அப்டேட்களை இப்போது இறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்க. கோப்புகளும் புரோகிராம்களும் அப்படியே இருக்கட்டும் என்கிற வரியில் டிக் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு அப்புறம் இன்ஸ்டால்.

அதற்கும் முன்னால் ஒன்று. பேஜ்மேக்கர் கோப்புகள், பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள், தமிழ் கீபோர்டு மென்பொருளின் இன்ஸ்டாலர், மூன்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்க. எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்கிற இடத்தில் இருக்கும். இந்த மாற்றம் ஒழுங்காக நடந்தால் எதுவும் அழியாதுதான். ஆனால் பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அதுதான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. அதற்கெல்லாம் நான் ஜாமீன் கையெழுத்துப் போட மாட்டேன். புதிதாக வருகிற வேலையையாவது யூனிகோடில் அடிக்கப் பழகுங்க என்று இந்தப் பகுதியில் பல தடவை எழுதியாச்சு, யார் கேட்கிறீங்க?

அடுத்தது கரண்ட். இதில் என் சொந்த மானத்தைக் கொஞ்சம் விற்கவேண்டியிருக்கிறது. 2016-ல் விண்டோஸ் 10 இலவசமாகக் கிடைப்பது ஜூலை 29-ஓடு முடிகிறது என்று ஊரே அவசரப்பட்ட நேரம். டவுனில் கீழ ரத வீதியில் ஒரு வீடு. காலையில் போய், ஏழில் இருந்து பத்துக்கு மாற்றும் வேலையை ஆரம்பித்துவிட்டு, ஆச்சி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே ஒரே மேளச் சத்தம். அன்றைக்கு நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம் என்பது தெரியும்; தெரியாமலா, அதைப் பார்க்கத்தானே அந்த வீட்டுக்கு அன்றைக்கே போனேன். தேர் நகரும்போது ரத வீதியில் கரண்டை நிறுத்துவார்கள் என்பதுதான் புத்தியில் ஏறவில்லை. திரையில் 64 சதவீதம். பட்டென்று ஃபேன் நின்றது. யுபிஎஸ் ஒரு பத்து நிமிஷம் கீச்சுக் கீச்சென்று கத்திப் பார்த்துவிட்டு அதுவும் அடங்கியது.

சாயங்காலம் கரண்ட் வந்து பட்டனை அமுக்கினால், நீலத்திரை, ரீஸ்டார்ட், மறுபடி நீலத்திரை. பழையதும் வரவில்லை, புதுசும் வரவில்லை. ஆச்சி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துவிட்டுக் கேட்டாள்: 'ஏல, தேரே நிலைக்கு வந்துட்டு. உன் பெட்டி எப்பம்ல நிலைக்கு வரும்?' டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் பேத்தி கல்யாணப் போட்டோ அத்தனையும் காப்பி எடுத்து முடிக்கும்போது ராத்திரி இரண்டு மணி. மறுநாள் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். காசு கேட்க வாய் வரவில்லை.

ஆகவே, மழையும் இடியுமாக இருக்கிற நாளில் ஆரம்பிக்காதீங்க. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கவும் வேண்டாம். காலையில் உட்காருங்க. ஒரே சதவீதத்தில் அரை மணி நேரம் நின்றாலும் சிபியுவில் டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பட்டனில் கை வைக்காதீங்க.

மறுபடி விழுந்தால்? சி டிரைவில் மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால், டாலர் குறியில் ஆரம்பித்து விண்டோஸ், பிடி என்று முடிகிற ஒன்று தெரியும். அதற்குள் சோர்சஸ், அதற்குள் பேந்தர். சிறுத்தை என்று ஏன் பெயர் வைத்தார்களோ, நம்ம பாபநாசம் அடிவாரத்துக்கு வருகிறதே அது மாதிரி ஒளிந்துதான் கிடக்கும். உள்ளே செட்அப்எர் என்கிற லாக் கோப்பை எனக்கு அனுப்புங்க, பார்த்துச் சொல்லுதேன். பயாஸ், அதாவது பட்டனை அமுக்கியதும் பெட்டியை எழுப்புகிற அடிப்படை மென்பொருள், அதை அப்டேட் பண்ணினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். சில சமயம் சரிதான்; ஆனால் அதன் நடுவில் கரண்ட் போனால் போர்டே படுத்துவிடும். அதை நல்ல யுபிஎஸ் வைத்திருக்கிற சர்வீஸ்காரர் கையில் விடுங்க. இரண்டு தடவைக்கு மேல் மல்லுக்கட்டாமல் தை, மாசி முகூர்த்தம் முடியட்டும் என்று 10-லேயே இருங்க. அதற்கு வழி கடைசிப் பதிலில் இருக்கிறது.

நடந்துவிட்டால், ஸ்கேனரையும் பிரிண்டரையும் ஒவ்வொன்றாக மாட்டி ஒரு பழைய பத்திரிகையை அச்செடுத்துப் பாருங்க. பிடிக்கவில்லை என்றால் 10 நாளைக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி போய்ப் பழையதுக்கே திரும்பலாம். அதுவரை விண்டோஸ் ஓல்டு என்கிற ஃபோல்டரை, இடத்தை அடைக்கிறதே என்று அழித்துவிடாதீங்க. அழித்தால் திரும்பும் வழி அடைந்தது.

கேள்வி: கடையில் புதிதாக விண்டோஸ் போட்டு வாங்கிய பிறகு, என் பழைய கடிதங்களில் லதா எழுத்துரு காணவில்லை. எழுத்து வேறு மாதிரி தெரிகிறது.
- அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: லதா எங்கேயும் ஓடிப்போகவில்லை. விண்டோஸ் 10 காலத்தில் இருந்தே லதாவும் விஜயாவும் தானாக வராது, கூப்பிட்டால்தான் வரும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய், தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேருங்கள். இப்போது உங்களுக்குத் தெரிவது நிர்மலா. அதுவும் நல்ல பிள்ளைதான்.

கேள்வி: 2014-ல் வாங்கிய ஐ3 நாலாம் தலைமுறை. 11 ஏறாது என்கிறது. பேரன் எடைக்குப் போடச் சொல்கிறான். பென்ஷன் கணக்கும் பேப்பர் படிப்பதும்தான் என் வேலை.
- பணி ஓய்வு பெற்றவர், பேட்டை

பதில்: 11 கேட்பது டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அநேகமாக எதையும் அது சேர்ப்பதில்லை. ஏமாற்றி ஏற்றும் குறுக்கு வழிகள் உண்டு, பென்ஷன் பணம் புழங்கும் பெட்டியில் நான் அதைச் செய்ய மாட்டேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது என்றால் பெட்டி நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்தான் நிற்கும். வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு அதையும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. 22எச்2 பதிப்பில் இருக்கவேண்டும். அப்டேட் பக்கத்தில் என்ரோல் என்ற இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, விண்டோஸ் பேக்கப்பில் செட்டிங்ஸைச் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லை. இல்லையென்றால் 30 டாலர். அந்தத் தேதி போன பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், பேப்பர் படிக்க அது தாராளம். அப்படியும் பேரன் ஜெயித்துவிட்டால், எடைக்குப் போடுமுன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.